வடமும் சங்கிலியும்



இவ்வூரில் ஆடித் திங்கள் ஐந்தாம் வெள்ளியன்று செங்கழுநீரம்மன் தேர் ஓடுகின்றது. பிரெஞ்சியர் காலந்தொட்டு ஆட்சித் தலைவரே வந்து வடம் பிடிப்பது மரபு. அவர் பற்றிய அதே வடத்தை மீனவரும் பற்றுகின்றார். உமக்கு அதற்குத் தகுதி உண்டோ என்று எவரும் எவரையும் வினவுவதில்லை.

அதே ஆடித் திங்களில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டனர். அவர்களை ஓடவிடாமல் தடுத்தது நோயன்று. உடலைப் பிணித்திருந்த சங்கிலி. பாரிசு நகரின் பிசேத்திர் மனையில் புசேன் என்னும் கண்காணிப்பாளர் நோயாளரின் இரும்புச் சங்கிலிகளைக் கழற்றியது 1797இல். இருநூறு ஆண்டுகள் கடந்தும் நம் மண்ணில் அச்சங்கிலி கழலவில்லை.

ஏர்வாடித் துயரத்தை உச்சநீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியால் பிணித்தல் கூடாது என்று விலக்கிற்று. தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் வழங்கிற்று.

ஆயினும் கண்ணுக்குத் தெரியாத சங்கிலி ஒன்று எஞ்சியிருக்கின்றது. அது சொல். "சித்த சுவாதீனம் இல்லாதவர்" என்ற ஒற்றைத் தொடரைச் சொல்லி, ஒருவரின் வாக்கையும் சொத்தையும் கையொப்பத்தையும் மறுத்துவிடுகின்றோம். சட்டம் சொல்வது வேறு. மனநோய் உண்டு என்பதனாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இழந்தவர் ஆகிவிடார். தகுதியுடைய நீதிமன்றமே அவ்வாறு அறிவித்தல் வேண்டும். வாக்காளர் பட்டியலுக்கும் இதுவே விதி. அண்டை வீட்டார் அறிவிப்பும் உறவினர் அறிவிப்பும் நீதிமன்றத் தீர்ப்பாகுமா?

நான் தமிழ் பயிற்றுவிப்பவள்; ஆதலின் சொல்லைப் பற்றியே வழக்குரைக்கின்றேன். சுந்தரர் இறைவனையே பித்தன் என்றழைத்தார். அவ்விறைவனைக் கைகூப்பித் தொழுகின்றோம். அதே சொல்லை அடுத்த வீட்டுப் பிள்ளைமேல் எறிந்து கதவைப் பூட்டுகின்றோம். பூட்டும் பெற்றோரிடம் அன்பில்லை என்று கூறமாட்டேன். அஞ்சி, ஓய்ந்து, உதவி எங்கே கிடைக்கும் என்று அறியாமல் பூட்டுகின்றனர். அவர்களைப் பழிப்பதைவிட அரசு மருத்துவமனைக்கு உடன் செல்வது மேல். நம் கதைகளில் நகைப்புக்கென்றே வரும் பைத்தியக்காரனுக்கும் ஒரு பெயரும் ஒரு விருப்பமும் கொடுத்துப் பாருங்கள்.

இவ்வட்டத்தினர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. வரும் தேர்தலில், நம் தெருவில் அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஒருவரின் பெயர் பட்டியலில் உளதா என்று பாருங்கள். இல்லையேல் எழுதிக் கொடுங்கள். வாக்குச்சாவடிக்குத் துணையாகச் செல்லுங்கள். வரும் ஆடியில் வடத்தில் அவருக்கும் இடம் விடுங்கள்.