கரும்பும் கத்திரிக்காயும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு அனுபவம் ஏதாவது அஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர். மெஷினைப் பற்றிப் பேசினால் பின்வரிசை டீ குடிக்கக் கிளம்பிவிடும் என்பது நாம் படித்த காலத்திலேயே தெரிந்த விஷயம். ஆகவே சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

2023 பொங்கல் முடிந்த கையோடு, கம்பெனி வேலையாக மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போனேன். மலாய் மொழியில் பினாங் என்றால் பாக்கு. நான் போய் இறங்கிய சில நாளிலேயே சீனப் புத்தாண்டு, ஜனவரி 22. நமக்குப் பொங்கல் நாலு நாள் என்றால் அவர்களுக்குப் புத்தாண்டு பதினைந்து நாள்! அதிலும் பினாங்கில் பெரும்பான்மையான ஹொக்கியன் சீனர்களுக்கு எட்டாம் நாள் நள்ளிரவுதான் பெரிய விசேஷம். மறுநாள் வானுலகப் பேரரசரின் பிறந்தநாள்.

எங்கள் பிரிவில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அங்கிள். "ராத்திரி வீட்டுக்கு வா" என்றார். வீடு ஜார்ஜ் டவுன் கடலோரத்தில், சியூ ஜெட்டியில். கடலுக்குள் தூண் நட்டு, மேலே பலகை அடித்துக் கட்டிய வீடுகள். சியூ என்ற ஒரே குலத்தார் பரம்பரையாக வாழும் இடம். நடந்தால் பலகை இடுக்கில் கீழே தண்ணீர் தெரிகிறது.

உள்ளே போனால், தோகையோடு முழுக் கரும்பு! நீள மேஜையின் இரு பக்கமும் கட்டியிருந்தார்கள். ஊர் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது. முன்னொரு காலத்தில் எதிரிகளுக்குப் பயந்து இவர்களின் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார்களாம். வெளியே வந்தது ஒன்பதாம் நாளாம். அந்த நன்றிக்குத்தான் கரும்பு. மேஜை நிறைய அன்னாசி, ஆமை வடிவத்தில் சிவப்புப் பலகாரம், நடுவே முழுசாக வாட்டிய பன்றி.

பன்றியைப் பார்த்ததும் நான் நெளிந்தது அங்கிளின் தாயாருக்குத் தெரிந்துவிட்டது. எண்பது வயதிருக்கும். மகனிடம் ஏதோ கேட்டார். "இது சாப்பிடுவியான்னு கேக்கறாங்க" என்றார் அங்கிள். தலையாட்டினேன். அந்தம்மா கொஞ்சமும் முகம் மாறவில்லை. தனித் தட்டில் பழமும், பயற்றம்பருப்புப் பூரணம் வைத்த அந்த ஆமைப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். ருசி நம்ம கொழுக்கட்டைதான். நள்ளிரவுக்கு மேல் காகிதப் பொன்னைக் கொளுத்தி, கரும்பையும் அந்த நெருப்பில் போட்டார்கள்.

அந்தத் தட்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2004 முதல் 2008 வரை என் அறைத்தோழன் பேர்ணாம்பட்டுக்காரன். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முறைக்கிறான். நான்கு பக்ரீத்துக்கும் கூப்பிட்டான். நான்கு தடவையும் ஒரு பொய் சொன்னேன்: காய்ச்சல், அக்கா நிச்சயதார்த்தம், இப்படி. என் பாட்டி "அந்த ஊர்ல தண்ணிகூடக் குடிக்காதே" என்பார். தோல் ஷாப்புக் கழிவால் பாலாற்றுத் தண்ணீர் கெட்டதைச் சொன்னாரா, வேறெதையும் சேர்த்துச் சொன்னாரா என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமலே புரிந்தது, எனக்கும் வசதியாக இருந்தது.

மறுநாள் பினாங்கிலிருந்து அவனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எங்களுக்குத் தெரியும்டா. நாலு வருஷமும் அம்மா உனக்குன்னு தனிச் சட்டியில கறி போடாம குஸ்கா எடுத்து வெச்சாங்க. வந்தாலும் வருவேன்னு" என்றான். அந்தத் தாய் இன்று இல்லை. 2021இல் போய்விட்டார்.

பிப்ரவரி 5 அன்று இன்னொரு அதிசயம். அந்த ஆண்டு தைப்பூசமும் சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளும் ஒரே பௌர்ணமியில் வந்தன. தண்ணீர்மலை முருகனுக்குக் குவியல் குவியலாகத் தேங்காய் உடைத்தவர்களில் சீனர்கள் ஏராளம். அங்கிளும் உடைத்தார். இங்கே தேங்காய் உடைத்தால், கல்யாணமாகாத சீனப் பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டிக் கடலில் ஆரஞ்சுப் பழம் எறிவதும் அதே பதினைந்தாம் நாளில்தான். செலவு கம்மி என்று நம் பெண்ணைப் பெற்றவர்கள் பொறாமைப்படலாம்!

அந்த ஜூனில் பக்ரீத் வந்தது. நான் பேர்ணாம்பட்டுக்குப் போனேன். பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அவன் மனைவி, "அண்ணா, உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்று ஒரு சட்டியைத் திறந்தார். குஸ்கா; தொட்டுக்கொள்ள நம்ம பக்கத்துப் புளிப்புக் கத்திரிக்காய். தெருமுனையில் உப்புப் போட்ட தோல் அடுக்கிய டெம்போ ஒன்று நின்றிருந்தது. வாடை வீட்டுக்குள்ளும் வந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.