கோழிக்கறியும் கடைசி மருந்தும்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

ஞாயிற்றுக்கிழமை நம் மாடிப்படியெல்லாம் கோழிக்குழம்பு மணக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை.

கோழி சீக்கிரம் எடை போட, தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் கலப்பது பல பண்ணைகளில் பழக்கம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பலவீனமான கிருமிகள் சாகும். மருந்துக்கு அசையாதவை பெருகும். மற்ற மருந்துகள் கைவிட்டபின் டாக்டர்கள் கடைசியாக எடுப்பது கொலிஸ்டின். அதையும் கோழிக்குப் போட்டார்கள். ஆபத்துக்கு வைத்த டெபாசிட்டை அன்றாடச் செலவுக்கு உடைத்த கதைதான்.

அந்த மருந்தை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை 2015-இல் சீனாவில் கண்டறிந்தார்கள். பன்றியிலும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் அது இருந்தது. 2019 ஜூலையில் மத்திய அரசு இறைச்சிக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

பண்ணை நம் கையில் இல்லை, சமையலறை இருக்கிறது. நன்றாக வெந்தால் இந்தக் கிருமிகளும் செத்துவிடும். ஆபத்து வேகுமுன்தான். பச்சைக்கறியைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள்; தெறிக்கும் நீர் பக்கத்துப் பாத்திரங்களில் விழும். கழுவியே தீரவேண்டுமென்றால் பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, பிறகு சிங்கைத் தேய்த்துவிடுங்கள். கறி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்க வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் நாமே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதையும் விட்டுவிடுவோம்.