சனிக்கிழமை வரும் அக்கா



பெங்களூரின் கிழக்கே இருக்கிறது வைட்ஃபீல்ட். கணினி நிறுவனங்கள் நிறைந்த இடம். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களும் அங்கே உண்டு. அவர்களின் பிள்ளைகள் பலர் கன்னட அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். இப்படிப்பட்ட நகரப் பள்ளிகளுக்குக் கல்லூரி மாணவர்கள் வந்து பாடம் சொல்லித் தருவது உண்டு. சம்பளம் கிடையாது. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாகவும் சிலர் வருகிறார்கள்.

வருகிற அக்கா, நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் நான்காம் வகுப்புப் புத்தகத்தை விரிப்பார். பிள்ளை தலையாட்டும். ஆனால் அதற்கு எழுத்தே பிடிபட்டிருக்காது. தமிழில் 'க' ஒன்றுதான். 'கல்' என்றாலும் 'தங்கம்' என்றாலும் அதே எழுத்து. கன்னடத்தில் அந்த ஓர் இடத்தில் நான்கு எழுத்துகள். 'அம்ம' என்று எழுத, ஒரு 'ம'வுக்கு அடியில் இன்னொரு 'ம'வைச் சிறிதாகச் சேர்க்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை இங்கேதான் தடுமாறுகிறது. புத்தகமோ எங்கேயோ போய்விட்டது.

இதற்கு வழி என்ன? மும்பையிலும் வதோதராவிலும் செய்து பார்த்தார்கள். 'பிரதம்' என்ற தொண்டு அமைப்பு மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் 'பால்சகி'களை அனுப்பியது. பால்சகி என்றால் பிள்ளைகளின் தோழி. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள்தான். பெரிய பட்டம் எதுவும் இல்லை. மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய 15 முதல் 20 பேரைத் தனியே உட்கார வைத்தார்கள். தினமும் 2 மணி நேரம் எழுத்தும் எண்ணும் கற்பித்தார்கள். 2001 முதல் 2003 வரை ஆராய்ச்சியாளர்கள் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். மிகவும் பின்தங்கியவர்களே அதிகம் முன்னேறினார்கள். ஆனால் உதவி நின்று ஓராண்டு ஆனதும், அந்த முன்னேற்றத்தில் பெரும் பங்கு குறைந்துவிட்டது.

பால்சகி தினமும் வந்தார். கல்லூரி அக்கா வாரம் ஒரு நாள்தான் வருவார். அவருக்கும் தேர்வு வரும். ஊருக்குப் போவார். சொல்லாமல் நின்றுவிட்டால், பிள்ளை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கும்.

தாய்மார்களே, பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். "எத்தனை வாரம் வருவீர்கள்? வராத வாரத்தை முன்பே சொல்வீர்களா? என் பிள்ளைக்கு எந்த எழுத்து வரவில்லை?" கூச்சமாகத்தான் இருக்கும். அந்த மாணவர்கள் கோபிக்க மாட்டார்கள். வராத எழுத்துகளை ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். மாலையில் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கன்னட எழுத்து உங்களுக்கும் புதிதா? பிள்ளையே சொல்லித் தரட்டும். பேருந்துப் பலகையைப் படிக்க உங்களுக்கும் அது வேண்டுமே.