பாதுகாப்பு உத்தரவை எதிர்ப்பது எப்படி?



குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் வருஷத்துச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அது தேவைதானா என்று வாதிட நான் வரவில்லை. அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த மாட்டுப்பெண்கள் நம் அகங்களிலும் உண்டு. ஆனால் உத்தரவு வந்தபின் எதிர்த்தரப்பார் என்ன செய்யலாம் என்பதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது.

முதலில், கோர்ட் நோட்டீஸை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். மனுதாரரின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்தே இடைக்கால உத்தரவு போட 23-வது பிரிவு இடம் தருகிறது. அப்படி வந்தால் அதே கோர்ட்டில் ஆஜராகி, பதில் தாக்கல் செய்து, உத்தரவை விலக்கும்படி கேட்கலாம்.

அடுத்தது அப்பீல். 29-வது பிரிவின்படி செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாளுக்குள் போக வேண்டும். அப்பீல் போட்டாயிற்று என்று பலர் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள்! தடையுத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்கினால்தான் பழைய உத்தரவு நிற்கும். அதுவரை அது கட்டுப்படுத்தும். பேசக்கூடாது என்று உத்தரவு இருக்கும்போது, சமாதானம் பேசத்தானே என்று ஒரு போன் செய்தாலும் அது மீறல்தான். மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது ஜாமீனில் விடமுடியாத குற்றமும்கூட.

நிலைமை மாறினால், உத்தரவைத் திருத்தவோ ரத்து செய்யவோ 25-வது பிரிவில் மனுப் போடலாம். வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜீவனாம்சத் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் அந்த மாற்றம் உத்தரவுக்குப் பின்னால் நேர்ந்திருக்க வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய கதையைத் திரும்பக் கிளற இந்த வழி உதவாது.

வயதான பெற்றோரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தால்? அவர்கள்மேல் குறிப்பான புகார் எதுவும் இல்லையென்றால் அதை மாஜிஸ்திரேட்டிடமே சொல்லலாம். ஹைகோர்ட்டுக்கும் ரத்து செய்யும் அதிகாரம் உண்டு. ஆனால் மிக ஜாக்கிரதையாகப் பயன்படுத்த வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. 'வீடு என் பெயரில்தானே இருக்கிறது' என்று மாமனார் சொன்னால் மட்டும் போதாது. மாட்டுப்பெண் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அவளுக்கு அங்கே வசிக்க உரிமை கோர இடமுண்டு என்பது 2020 தீர்ப்பு.

உத்தரவின் நகலை இரு தரப்புக்கும் கோர்ட் இலவசமாகத் தர வேண்டும். கையில் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். இரு தரப்பில் யாருக்குப் பிந்திக் கிடைத்ததோ, அந்தத் தேதியிலிருந்துதான் 30 நாள் கணக்கு.