முதல் துப்பாக்கி: யார் கையில், யார் அனுமதியோடு?

(செயல்வீரர்கள், மாணவர்களுக்கான பயிலரங்கொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தம்பி, "நம்ம கையில ஒரு துப்பாக்கி இருந்தா எவனும் கிட்ட வரமாட்டான்" என்றார். பலத்த கைதட்டல். கவிதை எழுதுகிறவனுக்கும் துப்பாக்கி நல்ல படிமந்தான். ஆனால் கடையில் விற்கிற துப்பாக்கிக்கு எடை இருக்கு, விலை இருக்கு, லைசென்ஸ் இருக்கு. அதையெல்லாம் பேசாமல் தற்காப்பைப் பேச முடியாது. அதனால் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் போவோம். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயரை எடுத்துக்கொண்டது அவர்களிடமிருந்துதானே.

முதல் கேள்வி, யார் ஆயுதம் வைத்திருக்கலாம் என்பது. அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பியில் சட்டம் போட்டார்கள்: விடுதலையான கறுப்பர் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 1956இல் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். அகிம்சை பேசிய அந்த மனிதர் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். 1967இல் கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் வெளிப்படையாக ஆயுதம் ஏந்தியதும், தோட்டா போட்ட துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவதையே தடைசெய்து ஒரு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். ஆயுதம் உரிமையா குற்றமா என்பது பிடித்திருக்கிற கையின் நிறத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

இரண்டாவது, பயிற்சி. வட கரோலினாவில் மன்றோ என்று ஒரு சிற்றூர். அங்கே ராபர்ட் வில்லியம்ஸ், கடற்படைக் காலாட்படையில் இருந்து திரும்பியவர், தன் மக்களைத் திரட்டி முறையாக ஒரு சுடுதல் சங்கம் பதிவுசெய்தார். 1957இல் கு கிளக்ஸ் கிளான் கும்பல் கார்களில் வரிசையாக வந்து, அவருடைய தோழரான மருத்துவர் ஆல்பர்ட் பெரியின் வீட்டைத் தாக்கியது. மணல்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இவர்கள் திருப்பிச் சுட்டார்கள். கும்பல் ஓடியது. மறுநாளே நகரசபை அந்தக் கார் ஊர்வலங்களுக்குத் தடை போட்டது. இதில் வென்றது எது? மூட்டை அடுக்கியவன், முறைபோட்டுக் காவல் இருந்தவன், சொன்னபோது சுட்டவன், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தியவன். தனிமனிதன் இடுப்பில் செருகிய பிஸ்டலால் அது நடந்திருக்காது.

2015இல் அங்கே தேசிய ஆப்பிரிக்க அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கம் தொடங்கப்பட்டது. 2020 கலவர ஆண்டில் கறுப்பினப் பெண்கள் பலர் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள். முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்? சின்னதாக, அழகாக இருக்கிறதென்று வாங்காதே. எடை குறைந்தால் உதை அதிகம், குறி தப்பும். கைப்பிடி உன் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா, விரல் விசையைச் சரியாகத் தொடுகிறதா என்று பார். ரிவால்வர் இயக்க எளிது, ஆனால் ஐந்தாறு தோட்டாதான், விசையும் கனம். பிஸ்டலில் தோட்டா அதிகம். சிக்கிக்கொண்டால் எடுத்துவிடத் தெரியணும். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்.

அப்புறம் நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியும் தோட்டா போட்டதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே. குறியையும் அதன் பின்னால் என்ன இருக்கிறதென்பதையும் அறிந்துகொள். எங்கள் வங்கி வாசலில் இரட்டைக்குழலோடு நிற்கிற கன்மேன் அண்ணனும் ராணுவத்திலிருந்து வந்தவர். "ட்ரிகர்ல விரல் வைக்கிறது கடைசி வேலை சார்" என்பார். இதைக் கை தானாகச் செய்யணும். வெற்றுத் துப்பாக்கியில் மாதக்கணக்காகப் பழகினால்தான் சத்தத்துக்கு முன்னாலேயே கை உதறுவது நிற்கும்.

மூன்றாவது, துப்பாக்கி காப்பாற்றாத இடங்கள். 2016இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டிலின் காரைப் போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் துப்பாக்கி இருக்கிறதென்று அவரே மரியாதையாகச் சொன்னார். அனுமதியும் இருந்தது. சுட்டுக் கொன்றார்கள். 2017இல் அந்தக் காவலர் விடுதலை. இன்னொரு கணக்கு: 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை. வீட்டுக்குள் வந்த துப்பாக்கி முதலில் வீட்டு ஆளையே பார்க்கிறது. அவமானத்தில் குமைகிற பிள்ளைகள் நம்ம வீடுகளில் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்டும் சாவியும் இல்லாத வீட்டில் துப்பாக்கி வேண்டாம்.

இப்போ நம்ம சட்டத்துக்கு வருவோம். 1878இல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு. 1959இல் புதுச் சட்டம் வந்தது, லைசென்ஸ் அதிகாரி கையிலேயே நின்றது. 2016 விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேணும். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் பெண்கள் தற்காப்புக்கென்று விட்ட .32 ரிவால்வர் 'நிர்பீக்' அப்போது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். விவசாயக் கூலிக்கு இந்தக் கடனை எந்த வங்கி தரும்? கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன், தராது.

ஆனால் நம்மில் பலர் படிக்காத ஒரு விதி இருக்கு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியை அரசு கண்டறிய வேண்டும். தேவையெனக் கருதினால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்சை ரத்துசெய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும். அதற்கும் அடுத்துத்தான், தேவையெனக் கருதினால் நமக்கு லைசென்ஸ். வரிசையைப் பாருங்கள். முதலில் அவன் கையிலிருப்பதை இறக்கு என்கிறது சட்டம். 1968இல் கீழ்வெண்மணியில் வந்தவர்கள் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். 44 பேர் எரிந்து போனார்கள்.

தற்காப்பு உரிமை நமக்கும் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை பிரிவுகள். தேவைக்கு மேல் காயம் கூடாது என்பதும் அதில்தான் இருக்கு. அந்த அளவை பிற்பாடு நீதிமன்றத்தில் யாரோ நிதானமாக அளப்பார்கள். உயிருக்கு ஆபத்து உள்ளவர் முறைப்படி லைசென்ஸ் கேட்கட்டும், பயிற்சி எடுக்கட்டும். அதை நான் தடுக்கவில்லை.

ஆனால் மாணவர்களுக்கு இன்றே ஒரு வேலை. உங்கள் மாவட்டத்தில் வன்கொடுமைப் பகுதியென்று கண்டறியப்பட்ட ஊர்கள் எவை? அங்கே எத்தனை துப்பாக்கி லைசென்ஸ்? விதி 3இன்படி இதுவரை எத்தனை ரத்து? நாம் கேட்டதில் எத்தனை கொடுத்தார்கள்? 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்வி, பத்து ரூபாய்க் கட்டணம். ஆளுக்கொரு மாவட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அடுத்த கூட்டத்தில் அதை வைத்துப் பேசுவோம்.