அவசரகாலக் கருத்தடை: தெரிந்துகொள்ள வேண்டியவை

(நம் சங்கத்தின் மகளிர் நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றியெல்லாம் இங்கே பேசியிருக்கிறோம். இன்றைய விஷயத்தைப் பலர் டாக்டரிடம்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். ஆணுறை கிழிந்துவிட்டது. அல்லது தினசரி மாத்திரை விட்டுப்போனது. அல்லது எந்தப் பாதுகாப்பும் இல்லை. குழந்தை இப்போது வேண்டாம். என்ன செய்வது?

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம்.

பலரும் நினைப்பதுபோல் இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். முட்டை வெளிவந்துவிட்டால் பலன் குறைவு. அதனால்தான் இந்த அவசரம். ஏற்கெனவே கரு உருவாகியிருந்தால் அதைக் கலைக்காது. கலைப்பு மாத்திரை வேறு. அதை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுவது ஆபத்து.

இரண்டாவது வழி காப்பர்-டி. 5 நாட்களுக்குள் டாக்டர் பொருத்திவிட்டால் மாத்திரையைவிட அதிகப் பலன் தரும். பிறகு பல ஆண்டுகளுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமசெபைன் சாப்பிடுபவர்களுக்கு மாத்திரையின் வேலை குறையும். அவர்களுக்கு இதுவே நல்லது.

மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்க மத்திய அரசு 2005-லேயே அனுமதித்தது. ஆனாலும் நம் ஊரில் பல மருந்துக் கடைகளில் 'ஸ்டாக் இல்லை' என்றுதான் பதில் வரும். கடை கடையாக அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசு மருத்துவமனைக்கோ, மகப்பேறு டாக்டரிடமோ அன்றைக்கே போங்கள்.

சாப்பிட்ட பின் குமட்டல், தலைவலி, லேசான ரத்தப்போக்கு வரலாம். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அடிவயிற்றில் கடும் வலி இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். அடுத்த முறைக்கு இந்த மாத்திரை பாதுகாப்பு தராது, எச்.ஐ.வி.யையும் தடுக்காது. அவசரத்துக்கு மட்டும்தான் இது. வழக்கமான கருத்தடைக்கு வேறு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

விருப்பமில்லாமல் நடந்த உறவு என்றால், இந்த மாத்திரையோடு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் தேவைப்படலாம். மருத்துவமனை இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். 181 மகளிர் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மகளோ, மருமகளோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோ தயங்கித் தயங்கி உங்களிடம் வந்தால், 'யார்? ஏன்?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'எப்போது நடந்தது?' என்று கேளுங்கள். திட்டுவதை நாலு நாள் கழித்தும் திட்டலாம். மாத்திரைக்கு அந்த அவகாசம் கிடையாது.