பாலாறும் பிழைப்பும்

தோல் பதனிடும் ஆலையில், உப்புப் போட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைத்து அலசினால், அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில்தான் இறங்கும். வாணியம்பாடிப் பக்கம் அந்தக் கழிவுநீர் பாலாற்றிலும் வயல் கிணறுகளிலும் போய்ச் சேர்ந்தது.

ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிலாயிற்றே என்று நன்மையைக் கூட்டிப் பார்ப்பது ஒரு வகை அறம். எத்தனை பேர் பிழைத்தாலும் பக்கத்து விவசாயியின் கிணற்றைக் கெடுக்க யாருக்கும் உரிமையில்லை என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம். வேலையைக் காப்பாற்றச் சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம். உவர்ந்துபோன கிணற்றை எதைக் கொடுத்து மீட்பது?

தோல் ஏற்றுமதியின் வருமானத்தையும் வேலைவாய்ப்பையும் ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரவும் பாலாற்றைச் சீரமைக்கவும் சொல்லி 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.